வினைநிரல் எழுதவேண்டியவர் யார்?

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் கட்டுரை தருவதாயின் சங்கச் செய்யுளின் நயம் உரைப்பான், அன்றேல் தாய்மொழியின் பெருமை பேசுவான் என்று வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. யாம் இம்முறை தொழிற்சாலைக் கணினியைப் பற்றி எழுதத் துணிந்தோம். பொறியியலும் முகாமைத்துவமும் பயின்று உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர் பலர் இம்மலரைக் கையிலேந்துவர். அவர்க்கு அவர் துறையைக் கற்பிக்க முற்படுவது எம் நோக்கமன்று. அவரோடு ஒரு வழக்கு உண்டு. அதனை எடுத்துரைப்பதே நோக்கம்.

ஒரு பொருளை ஆக்குதற்கு வேண்டிய வேலைகளை எவ்வொழுங்கிற் செய்வது, எவ்விடத்திற் செய்வது, எப்பொறியாற் செய்வது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் செல்லும் என்பவற்றை நிரைப்படுத்தி எழுதும் பட்டியலை ஆங்கிலத்தில் 'ரூட்டிங்' என்பர். உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள் எதுவாயினும், பெருவிலை கொடுத்து வாங்கும் எஸ்.ஏ.பி. ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளாயினும், இப்பட்டியலை முதலில் உள்ளிடாதவரை அது நாட்கணக்கும் சொல்லாது, பொறிக்கணக்கும் சொல்லாது. இதனோடு உடன்பிறந்ததாக மூலப்பொருட் பட்டியல் ஒன்றும் உண்டு. கறிக்கு வேண்டிய சாமான்களைக் கடைத்துண்டில் எழுதுவது மூலப்பொருட் பட்டியல். எதனை முதலில் தாளித்து எதனைப் பின்னர் இடுவது, எத்துணை நேரம் அடுப்பில் வைப்பது என்பது யாம் கூறும் பட்டியல்.

இதற்குத் தமிழ்ப்பெயர் என்ன? 'வழிப்படுத்தல்' எனலாம், அது தபாற் கந்தோருக்கே கூடுதலாகப் பொருந்தும். 'ஆற்றுப்படுத்தல்' அழகிய சொல். ஆயின் எமது நாட்டில் அது மனத்துயருற்றோர்க்கு வழிகாட்டும் பணிக்குப் பெயராகிவிட்டது. 'தொழில்நெறி' என்பதை உத்தியோக வழிகாட்டல் செய்வோர் எடுத்துக்கொண்டனர். ஆதலின் 'வினைநிரல்' என்போம். நிரனிறைப் பொருள்கோளைப் பயின்ற மாணவர்க்கு நிரல் என்னுஞ் சொல் புதிதன்று. பெயர்களை ஓர் ஒழுங்கில் நிறுத்தி, அவற்றின் வினைகளை அதே ஒழுங்கில் நிறுத்தாவிடின் பொருள் கெடும் என்பது அவர் அறிந்ததே. தொழிற்சாலையிலும் கெடுவது பொருளேயாம்!

இலக்கணம் வந்தமையால் இன்னுமொன்று கூறுவோம். ஒரு வினை நிகழ்தற்குச் செய்வோன், அவன் செய்யுஞ் செயல், செயலுக்குரிய கருவி, இடம், காலம், செயப்படுபொருள் என ஆறும் வேண்டுமென்பது நன்னூல் வழிவந்த பாடம். வினைநிரலின் ஒரு வரியை மென்பொருளில் எழுதப் புகுவோர் எதனைக் காண்பர்? வேலையின் பெயர், வேலை நிலையம், பொறியும் கருவியும், ஆள், நேரம், அவ்வேலைக்கு உள்வரும் பொருள் என்னும் கட்டங்களையே. இவற்றுள் ஒன்றை வெறுமையாக விட்டால் அவ்வரி எழுவாய் இல்லாத வாக்கியம்போல நிற்கும். தமிழாசிரியனுக்கு இங்கு என்ன வேலை என்று கேட்ட அன்பர்க்கு இஃது ஒரு விடையாகுக.

எடுத்துக்காட்டு வேண்டுமெனில் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. வாசகர் கையிலுள்ளது போன்றதொரு மலரையே கொள்வோம். கணக்கு எளிதாதற்பொருட்டு 160 பக்கம், ஒரே நிற மை, 1000 பிரதி என்க. பெருந்தாள் ஒன்றின் ஒரு புறத்தில் 8 பக்கமும் மறுபுறத்தில் 8 பக்கமுமாக 16 பக்கம் அச்சாகும். எனவே 10 வகைத் தாள். இருபுறமும் எண்ணின் 20 அச்சுத் தகடு. பக்க அமைப்பு, ஒப்புநோக்கல், தகடு செய்தல், அச்சிடல், மடித்தல், அடுக்கிச் சேர்த்தல், தைத்தல், அட்டை ஒட்டல், விளிம்பு வெட்டல் என்பன வேலைகள். இவற்றுக்கு 1, 2, 3 என்று எண்ணிடாது 10, 20, 30 என்றே எண்ணிடுவர். நாளை இடையில் ஒரு வேலை புகவேண்டின் 35 என்று புகுத்தலாம். ஏனையவற்றின் எண்ணைக் குலைக்கவேண்டியதில்லை. சிறு தந்திரமெனினும் நல்லது.

அச்சிடலை மாத்திரம் ஊன்றி நோக்குவோம். பொறி மணித்தியாலத்திற்கு 4000 தடவை அச்சிடும் எனக் கொள்வோம். இருபது தகடும் ஒவ்வொன்றும் 1000 தடவையாக மொத்தம் 20,000 தடவை. 5 மணித்தியாலத்தில் முடியும். ஆயின் ஒவ்வொரு தகட்டையும் பூட்டி, மையைச் சரிப்படுத்தி, தாள் கோணாமல் வரப்பண்ணி, சில தாள்களைப் பாழாக்கி, 'இனிச் சரி' என்று பொறியாளர் தலையசைக்கும்வரை அரை மணித்தியாலம் செல்லும். இருபது தகட்டுக்கு 10 மணித்தியாலம். ஓடும் நேரம் 5, ஆயத்த நேரம் 10, ஆக 15. பிரதிகள் 2000 ஆயின் ஓடும் நேரம் 10 ஆகும். ஆயத்த நேரம் முன்போல 10 ஆகவே நிற்கும். வேலை இரட்டித்தது, நேரமோ மூன்றிலொரு பங்கே கூடிற்று. மென்பொருளில் இவ்விரு நேரத்திற்கும் வெவ்வேறு கட்டங்கள் உண்டு. ஒன்று பிரதித் தொகையாற் பெருகும், மற்றது பெருகாது. ஆயத்த நேரக் கட்டத்தில் சைபர் இட்டு வைத்தவர், பதினைந்து மணித்தியால வேலையை ஐந்து மணித்தியாலத்திற் செய்க என்று ஆணையிட்டவராவர்.

பாழாகும் தாளுக்கும் இடம் வைக்கவேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் 50 தாள் கழியுமாயின், இருபதுக்கும் 1000 தாள். பத்து வகையிலும் ஆயிரமாகப் பத்தாயிரம் தாள், அஃதாவது 20 றீம், வாங்கியோர் இறுதித் தாளில் முட்டுப்படுவர். வேண்டியது 22 றீம். இப்பொருள்களை எவ்வேலையோடு பிணைப்பது என்பதும் வினைநிரலிலேயே குறிக்கப்படும். தாள் அச்சிடலுக்கு வேண்டும். நூல் தைத்தலுக்கு வேண்டும். அட்டையோ கடைசிக்கு முந்திய வேலைக்கே வேண்டும். எல்லாவற்றையும் முதல்நாளே வாங்கிக் குவிப்போர் பணத்தையும் இடத்தையும் முடக்குகின்றனர்.

மை உலரும் நேரம் வேறொரு சிக்கல். ஒரு புறம் அச்சான தாளை உடனே மறுபுறம் அச்சிட்டால் மை ஒட்டும், மடித்தாலும் ஒட்டும். மாரி காலத்தில் ஓரிரவு முழுதும் விட்டுவைப்பதே நன்று. இந்நேரத்தில் ஆளும் வேண்டாம், பொறியும் வேண்டாம். தாள் தானே கிடந்து உலரும். இதனை அச்சிடும் நேரத்தோடு சேர்த்து எழுதிவிட்டால், பொறி இராமுழுதும் ஓடியதாக மென்பொருள் எண்ணி அடுத்த வேலையை மறுநாளுக்குத் தள்ளும். எழுதாமலே விட்டால், ஈரத்தாளை மடிக்கச் சொல்லும். காத்திருக்கும் நேரம் எனத் தனிக்கட்டம் ஒன்று அதற்கெனவே உண்டு. பத்து வகைத் தாளும் அச்சாகும்வரை மடிப்போர் கைகட்டி நிற்கவேண்டுமா என்றால், வேண்டியதில்லை. முதற்றாள் உலர்ந்ததும் மடிக்கத் தொடங்கலாம். அங்ஙனம் ஒருவேலை மற்றதன்மேற் கவிந்து செல்லலாம் என்பதையும் மென்பொருளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். மடிக்கும் பொறி பழுதானாற் கையால் மடிக்கும் மாற்றுவழி, அட்டைக்கு மினுக்கப்படலம் ஒட்ட வெளியிடத்திற்கு அனுப்பும் நாட்கள் என்பனவும் அங்ஙனமே.

எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதிற் புதியோர் இடறுவர். தாளை எடுத்தல், தட்டி நேராக்கல், தட்டில் வைத்தல் என ஐம்பது வரி எழுதிய பட்டியலைக் காண்கிறோம். அதனை ஒருவரும் நிரப்பார். ஆளோ இடமோ பொறியோ மாறுமிடத்திலும், காத்திருக்கவோ சோதிக்கவோ வேண்டுமிடத்திலும் புதுவரி தொடங்குக. மற்றையவற்றை ஒரே வரியில் அடக்குக. ஆதம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலில் குண்டூசி செய்தல் ஏறத்தாழ 18 தனித்தொழிலாகப் பிரிக்கப்பட்டதைக் கூறுவார். ஆயின் அவர் கண்ட சிறு பட்டறையிற் பதின்மரே இருந்தனர். சிலர் இரண்டு மூன்று தொழிலைச் சேர்த்தே செய்தனர். அவர்க்குப் பதினெட்டு வரி வேண்டியிராது.

இனி எமது வழக்கிற்கு வருவோம். இவ்வரிகளை எழுதுவோர் யார்?

பெரும்பாலும் அலுவலகத்திலிருக்கும் ஒருவர் எழுதுகின்றார். அல்லது மென்பொருளை விற்றவர் அனுப்பிய ஆலோசகர் எழுதுகின்றார். அவர் பொறியின் விளக்கக் கைந்நூலைப் பார்த்து மணித்தியாலத்திற்கு 4000 என்று நிரப்புவார். பூட்டும் நேரத்தை அவர் கண்டதில்லை. எம்மிடம் பயின்ற ஒருவர், இப்போது ஓர் அச்சகத்திற் பொறியாளராயிருப்பவர், கூறியதைக் கேட்டு யாம் மனம் நொந்தோம். அவர் பதினைந்து மணித்தியாலம் நின்று முடித்த வேலைக்கு முன்னால், நியமித்த நேரம் ஐந்து என்று கணினி காட்டிற்றாம். அவருடைய திறன் நூற்றுக்கு முப்பத்துமூன்று என்று மாதமுடிவுத் தாளில் அச்சாகி வந்ததாம். மேலதிக நேரக் கொடுப்பனவும் மறுக்கப்பட்டதாம். அவர் சோம்பியிருக்கவில்லை, ஒரு கட்டத்தில் ஒருவர் சைபர் இட்டிருந்தார், அவ்வளவே. அத்தாளைக் கையிலேந்திய முகாமையாளரும் தீயவரல்லர். கணினி சொன்னதென்றால் மறுத்துக் கேட்பதெவ்வாறு என்று அவரும் மலைத்திருப்பார். திட்டமோ இறுதிநாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளைச் சொல்வது. நேரம் குறைவாக எழுதப்பட்டிருப்பின் தொடங்கும் நாள் பிந்தும். பிந்திய பழி அச்சுப் பொறியின் பக்கத்தில் நிற்பவர் தலையில் விழும்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கரான பிரெடறிக் ரெயிலர் 1903 இல் வெளியிட்ட கட்டுரையிலே, சிந்திக்கும் வேலை முழுவதையும் பட்டறையினின்று எடுத்துத் திட்டமிடும் அறையில் வைக்கவேண்டும் என வாதித்தார். வேலைகளின் வழியை நிருணயிப்பதற்கென அவ்வறையில் ஓர் எழுதுவினைஞரையும் நியமிக்கச் சொன்னார். வினைநிரல் எழுதும் உத்தியோகத்தரின் மூதாதையர் அவரே. எட்டாண்டு கழிந்து, 1911 ஓகத்தில், உவோட்டர்ரவுண் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர் நேரங்கணிக்கும் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். 1915 இல் அரச படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்தைப் பயன்படுத்தச் சட்டம் தடை விதித்தது. ரெயிலரை முற்றாகப் பழிப்பதற்கில்லை. ஒழுங்கின்றிக் கிடந்த பட்டறைக்கு ஒழுங்கு தந்தவர் அவர். ஆயினும் செய்பவனை எண்ணவிடாமையே திறமை என்ற கொள்கையை எம்மால் ஏற்க இயலாது. யோசப் ஓர்லிக்கி பொருட்டேவைத் திட்டமிடலைப் பற்றிய தம் நூலை 1975 இல் வெளியிட்ட காலத்திற் கணினிகள் பேரறைகளை அடைத்துக்கொண்டிருந்தன. இன்று அதே கணக்கைச் சிறு மடிக்கணினி செய்கிறது. திட்டமிடும் அறையின் சுவர் மட்டும் பல இடங்களில் இன்னும் இடியவில்லை.

மறுதலையாகச் செய்து காட்டியோர் யப்பானியர். ரொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ, 1978 இல் வெளிவந்த தம் நூலில், வேலைமுறைத் தாளை மேசையிலிருந்து எழுத முடியாது, வேலைத்தலத்திற் பலமுறை செய்து பார்த்துத் திருத்தியே எழுதவேண்டும் என்னுங் கருத்தை வற்புறுத்தினார். யாம் சொல்வதும் அதுவே. ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் எம்மைப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியதும் இக்காரணம் பற்றியே. பிரவேசத்திற்கு ஐந்து நிமிடம், விளக்கத்திற்குப் பதினைந்து நிமிடம் என்று பிறரொருவர் எழுதித் தர, நாற்பது பிள்ளைகளின் முன் அதன்படி நடத்திக் காட்டுக என்றால் எவ்வாசிரியர் இசைவர்? இரண்டாந் தவணையிலாவது தம் வகுப்பை நோக்கித் தாமே திருத்தி எழுதுவரன்றோ?

'தொழிலாளியைக் கேட்டால் நேரத்தைக் கூட்டியே சொல்வான்' என்று சில அன்பர் மறுப்பர். சொல்லக்கூடும். ஏன் சொல்கிறான்? தான் சொல்லும் எண் தன் சம்பளத்தை வெட்டும் வாளாகுமென அவன் அஞ்சுவதனாலன்றோ? அந்த எண் நாட்கணக்கிற்கு மட்டுமே, கூலிக்கணக்கிற்கன்று என வாக்களித்து, அவ்வாக்கைக் காத்தால் உண்மை வரும். இளைஞர் சிலர் வீரம் பேசிக் குறைத்துச் சொல்வதும் உண்டு. அதுவும் திட்டத்தைக் கெடுப்பதே. ஆகவே பத்து முறை நேரங்குறித்து, மிகச் சிறந்ததையும் எடாது மிகத் தாழ்ந்ததையும் எடாது நடுவிலுள்ளதை எழுதுக. ஒவ்வொரு வரியின் அருகிலும் இந்நேரத்தைச் சொன்னவர் யார், என்று அளந்தது என்று குறிக்க ஒரு கட்டம் வைக்குக. பொறி மாறினாற் பழைய நிரலை அழிக்காது, புதுநிரலுக்கு ஒரு தொடக்க நாளிட்டு வேறாக எழுதுக. நடந்துகொண்டிருக்கும் வேலை பழைய வழியிலேயே முடியட்டும்.

மொழி பற்றியும் சொல்லவேண்டும். வேலையின் பெயரும் குறிப்பும் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், அவற்றைப் படித்துப் பிழை பிடிக்கவேண்டிய கண்கள் அவற்றைப் படிக்கமாட்டா. கணினி தமிழை ஏற்காதென்ற சாக்கு இன்று செல்லாது. 1991 இல் வந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்து இடம்பெற்றுவிட்டது. இன்றைய மென்பொருள்களின் விளக்கக் கட்டங்களிலே தமிழிற் தட்டினால் தமிழ் நிற்கும். அரசகரும மொழித் திணைக்களம் ஒருகாலத்திற் கலைச்சொற்றொகுதிகளைத் துறைதோறும் வெளியிட்டது. அவற்றைத் துணைக்கொண்டு பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் கற்ற தலைமுறை வைத்தியரையும் பொறியியலாளரையும் தந்தது. தொழிற்சாலைச் சொல்லுக்கு மாத்திரம் அம்முயற்சி ஆகாதா? எனினும் யாம் தனித்தமிழ்ப் பிடிவாதஞ் செய்யோம். பொறியாளர் 'பிளேற்' என்று சொல்வாராயின் 'பிளேற்' என்றே எழுதுக. அவர் வாயிலுள்ள சொல்லே அவர் கண்ணுக்கும் உரியது. எம் 'வினைநிரல்' பிடிக்காதோர் 'ரூட்டிங்' என்றே வழங்குக; வருந்தோம். மூன்று மொழி பேசுவோர் ஒரே கூரையின் கீழ் நிற்கும் கட்டுநாயக்க போன்ற இடங்களில் மூன்று மொழியிலும் எழுதுதல் முறை.

2013 ஆம் ஆண்டு தொடக்கம் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை நடைபெறுகின்றது. அத்துறையிற் சேரும் பிள்ளையை, ஏனைய துறைகளில் இடங்கிடைக்காதவன் என்று இன்னும் சிலர் நினைப்பது எமக்கு வெறுப்பைத் தருகின்றது. யாம் கூறும் பணிக்கு அவனே பொருத்தமானவன். பொறியையும் அறிவான், கணினியையும் அறிவான், பட்டறையில் நிற்பவரோடு தமிழிற் பேசவும் வல்லான். அவனுக்கு வேண்டுவது பழக்கம் ஒன்றே. எமது கல்லூரியின் அடுத்த ஆண்டு மலர் அச்சாகும்போது, அத்துறை மாணவர் நால்வர் அச்சகத்துக்குச் சென்று, பொறியாளரையும் தைப்போரையும் கேட்டு, தகடு பூட்டும் நேரத்தையும் மை உலரும் நேரத்தையும் குறித்து, அம்மலரின் வினைநிரலைத் தமிழில் எழுதட்டும். கட்டற்ற மென்பொருளொன்றில் அதனை உள்ளிட்டு, திட்டம் சொன்ன நாளையும் மலர் உண்மையாக வெளிவந்த நாளையும் அருகருகே வைத்து நோக்கட்டும். வேறுபாடு எவ்வரியிற் பிறந்தது எனத் தேடுவதே அவர்க்குப் பரீட்சையாகுக.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தொழிற்சாலைகளில் அதிகாரம் வகிக்கும் பழைய மாணவரிடம் எம் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நும் நிறுவனத்து வினைநிரலிற் சைபராக நிற்கும் ஆயத்த நேரக் கட்டங்களை ஒருமுறை தேடிப் பார்த்து, அவ்வேலை செய்வோரை அழைத்துக் கேளுங்கள். மற்றது எம் மாணவர் பொருட்டு. கணினிகள் கல்லூரியில் உள, மென்பொருளுக்கு விலையில்லை, ஆசிரியர் ஒருவர் உடன்செல்ல ஆயத்தமாயிருக்கின்றார். குறைவது நேரங்கணிக்கும் கடிகாரம் இரண்டும், தம் பொறியருகே ஒரு வாரம் மாணவர் நிற்க இசையும் அச்சகம் ஒன்றுமே. அச்சகம் நடத்தும் பழைய மாணவர் எவரேனும் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுவாராயின், இரண்டாந் தவணை விடுமுறைக்கு முன்னரே தொடங்கலாம்.